நடந்தே வரச் சொன்ன ஐந்து கிலோமீட்டர்

தெருவில் எல்லோரும் அவரை மீட்டர்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. கையில் ஓர் இரும்புக் கொக்கி, தோளில் ஒரு பை. வாசலில் இருக்கும் இரும்பு மூடியைக் கொக்கியால் நெம்பித் தூக்கி, குந்தி உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்து எண்ணைப் படிப்பார். ஒரு நாளைக்கு நூற்றிருபது மூடிகள். நாற்பத்தேழு வயதிலும் அவர் தொடைகள் இளவட்டத்தின் தொடைகள் போல இறுகிக் கிடந்ததற்கு அதுதான் காரணம்.

அந்தத் தொடைகளை நம்பித்தான் அவர் ஓட ஆரம்பித்தார். வருஷத்துக்கு மூன்று பந்தயம், எல்லாம் ஐந்து கிலோமீட்டர். பரிசு எதுவும் வாங்கியதில்லை. அதற்கு ஆசைப்பட்டதும் இல்லை. இருபத்தைந்து நிமிஷத்துக்குள் ஒரு தடவை ஓடி முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆறு வருஷமாக அது கைக்கு எட்டவில்லை. கடைசியாக ஓடியபோது இருபத்தைந்து நிமிஷமும் நான்கு விநாடியும் ஆகியிருந்தது.

"அந்த நாலு செகண்டை எந்த மூடிக்குள்ளயாவது தவற விட்டிருப்பீங்க மச்சான். கொக்கி போட்டுத் தேடிப் பாருங்க" என்று கேலி செய்தார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை, அவருடைய தங்கையின் கணவர். டயர் கிடங்கில் வேலை. லாரியில் வந்து இறங்கும் டயர்களை உருட்டிக்கொண்டு போய், சிறியவற்றைத் தோளில் மாட்டி, இரும்பு ஏணியில் ஏறிப் பரணில் அடுக்க வேண்டும். நிரந்தர வேலை இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள்.

அந்தக் கிடங்குக் கம்பெனி ஆண்டு விழாவுக்காக ஒரு சாலை ஓட்டம் வைத்தது. ஊர்க்காரர்களும் ஓடலாம்; கிடங்கிலிருந்து பிரிவுக்குப் பத்துப் பேர் கட்டாயம். மேற்பார்வையாளர் யாரையும் கேட்காமல் பத்துப் பேரை எழுதினார். அதில் மாப்பிள்ளை பெயரும் இருந்தது.

அப்போது ஒரு மாதமாகவே மாப்பிள்ளைக்கு ஏணியில் பாதி ஏறியதும் நெஞ்சை அடைத்தது. டயர்களை எண்ணுவதுபோல அங்கேயே நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். ஓட முடியாது என்று சொன்னால் கம்பெனி டாக்டரிடம் அனுப்புவார்கள். ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது.

"என் நம்பரைக் குத்திக்கிட்டு நீங்க போயிட்டு வாங்க மச்சான்" என்றார்.

"ஆள் மாறாட்டம்னு பிடிச்சுட்டா?"

"யாரு பிடிக்கப் போறா? எங்க சூப்பர்வைசர் அந்த நேரத்துல போர்வைக்குள்ள இருப்பார். லிஸ்ட்ல பேர் வந்தாப் போதும் அவருக்கு. ஆனா ஒண்ணு. ஓடாதீங்க. நடந்தே வாங்க. அம்பது நிமிஷம் ஆகட்டும். கூட்டத்தோட கூட்டமா வந்து சேருங்க."

"நடக்கறதுக்கு நான் எதுக்கு? இவளை அனுப்பலாமே" என்று தங்கையைக் காட்டினார் மீட்டர்காரர்.

"இவ நடந்தா முதல் பரிசு வாங்கிட்டு வந்துடுவா. அப்புறம் நான் மாட்டிக்குவேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை சிரித்தாள். "அண்ணே, அவர் சொல்றதைக் கேட்டுக்க. உன் வீரத்தை எல்லாம் அங்க காட்டாதே."

"நடந்தே வர்றேன், போதுமா" என்றார் மீட்டர்காரர்.

சொன்னபடிதான் தொடங்கினார். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கிடங்கு ஆட்கள் கண்ணில் படாமல் கூட்டத்தின் கடைசியில் நின்றார். விசில் ஊதியதும் நடந்தால் ரொம்பவும் தெரியும் என்று நினைத்து மெல்ல ஓடினார். கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் அவரைத் தாண்டிப் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பொறுத்தார்.

முதல் அரைக் கிலோமீட்டரிலேயே, ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டும்போது, பச்சைச் சட்டைக்காரர் வந்தார். ஏதோ பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெயர் தெரியாது. மூன்று பந்தயங்களில் கடைசி இருநூறு மீட்டரில் மீட்டர்காரரை முந்திப் போனவர். இன்று தாமதமாக வந்து பின்னாலிருந்து புறப்பட்டிருந்தார். பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, நல்ல மனதோடுதான் கேட்டார்:

"என்ன சார், முடியலையா? பரவாயில்ல, மெதுவா வாங்க. வயசாகுதில்ல."

அது சுருக்கென்று தைத்தது. பதிலைக் கால்தான் சொன்னது. அந்தப் பச்சைச் சட்டை பாலத்தில் ஏறும்வரை கொஞ்சம் பின்னாலேயே போய் அப்புறம் நடந்துகொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பாலத்தில் ஏறியபோது பச்சைச் சட்டை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. பாலத்துக்கு அப்பால் இருந்த ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பும்போது அந்த ஆளின் மூச்சு கேட்டது. அதற்குமேல் மாப்பிள்ளையும் இல்லை, தங்கையும் இல்லை, கொடுத்த வாக்கும் இல்லை. எல்லைக் கோட்டுக்கு ஒரு கடையின் அகலமே மிச்சம் இருக்கும்போது முந்தினார்.

இருபத்துநான்கு நிமிஷம், ஐம்பத்தொரு விநாடி.

குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் மூன்றாம் இடம் என்று மாப்பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது முறை கூப்பிட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. மார்பில் இருந்த நம்பரைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காய்கறி மார்க்கெட்டுக்குள் புகுந்து வீடு வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் மாப்பிள்ளையிடம் போய் விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளை எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, "சரி, ஆனது ஆச்சு. எப்படி ஓடினீங்க, சொல்லுங்க" என்றார். மீட்டர்காரருக்கு அது போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சுவர், பாலத்து ஏற்றம், வாத்தியாரின் மூச்சு, ஒன்றையும் விடாமல் சொன்னார். "பாலத்துல ஏறும்போது எப்படி மூச்சு விட்டீங்க மச்சான்?" என்று மாப்பிள்ளை நடுவில் கேட்டார். உற்சாகத்தில் எழுந்து நின்று மூச்சு விட்டுக் காட்டினார் மீட்டர்காரர்.

திங்கட்கிழமை கிடங்கில் மாப்பிள்ளைக்குப் பதக்கம் போட்டுப் படம் எடுத்தார்கள். முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே ஒப்பந்தம் மறுபேச்சில்லாமல் புதுப்பிக்கப்பட்டது. "பாத்தீங்களா மச்சான், உங்க காலால எனக்கு ரெண்டு வருஷம்" என்று மாப்பிள்ளையே சொன்னார். அந்த ஒரு வாரம் மீட்டர்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரமே மாப்பிள்ளையை முழுநேரப் பரண் வேலைக்கு மாற்றினார்கள். ஓட்டக்காரர் கீழே நின்று டயர் உருட்டுவது வீண் என்று மேற்பார்வையாளர் நினைத்தார்.

மூன்று மாதம் ஏணி ஏறி இறங்கினார். பிறகு வெளியில் ஒரு டாக்டரைப் பார்த்தார். இதயம் வீங்கியிருக்கிறது, பளு தூக்கவே கூடாது என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். கிடங்கு வாசலில் உட்கார்ந்து வண்டி எண் எழுதும் வேலை ஒன்று காலியாக இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு நோட்டு. அது கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம். சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டார்.

"இருபத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள அஞ்சு கிலோமீட்டர் ஓடின ஆளுக்கு நெஞ்சு வலியா? இந்தச் சீட்டு எந்தக் கடையில விக்குது, எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு" என்றார் மேற்பார்வையாளர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இதைக் கேட்ட மீட்டர்காரர் அப்போதே கிளம்பினார். "நான் வந்து சொல்றேன், ஓடினது நான்தான்னு."

"சொன்னா நாற்காலி கிடைக்காது மச்சான். ஏமாத்திட்டான்னு இருக்கற ஏணியும் போயிடும்." மாப்பிள்ளை கோபமாகப் பேசவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "நடந்து வரத்தானே சொன்னேன்" என்றார். அதற்குப்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அடுத்த மாதம் ஒரு மதியம் பரணில், டயர் அடுக்குகளுக்கு நடுவில் மாப்பிள்ளை விழுந்து கிடந்தார். அரைமணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தார்கள்.

கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இறந்தவர் நல்ல உடல்நலத்துடன் இருந்தவர், ஓட்டப் பந்தயத்தில் பதக்கம் பெற்றவர், அவருடைய இறப்புக்கும் வேலைக்கும் தொடர்பில்லை என்று எழுதியிருந்தது. தங்கை அதை இரண்டு முறை படித்துவிட்டு அண்ணனிடம் நீட்டினாள்.

"அவர் நோயாளியா இருந்தார்ணே. நாற்காலி கேட்டார், இவங்க குடுக்கல. அதை அவங்க எழுதித் தரணும். நீ வந்து சொல்லு."

மறுநாள் இருவரும் போனார்கள். தங்கை வாசலில் காவல்காரர் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மீட்டர்காரர் மட்டும் உள்ளே போனார். மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. எழுந்து நின்று உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். மீட்டர்காரர் எல்லாவற்றையும் சொன்னார். நம்பரைக் குத்திக்கொண்டது, தொப்பி, வாத்தியார், மார்க்கெட்டு வழியாக ஓடியது வரை.

மேலாளர் பொறுமையாகக் கேட்டார். மீட்டர்காரரின் நரைத்த தாடியையும், வெயிலில் கறுத்த கன்னத்தையும் பார்த்தார்.

"வீட்ல ஒருத்தர் போயிட்டா மனசு இப்படித்தான் எதையாவது இழுத்துத் தன் தலையில போட்டுக்கும் சார். எங்கப்பா போனப்ப நானும் இப்படித்தான் இருந்தேன்."

"மனசு இல்ல சார். நான்தான் ஓடினேன்."

"அந்த ஓட்டத்தைப் பத்தி அவரே எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கார் தெரியுமா? சாப்பாட்டு நேரத்துல கேட்டாப் போதும். ஆஸ்பத்திரிச் சுவர்கிட்ட ஒருத்தர் வந்து வயசாகுதில்லன்னு கேட்டது, பாலத்துல ஏறினது, அந்த ஆளோட மூச்சுச் சத்தம். பாலத்துல எப்படி மூச்சு விட்டேன்னு எந்திரிச்சு நின்னு காட்டுவார். ஓடாத மனுஷன் அப்படிச் சொல்ல முடியுமா?"

மீட்டர்காரர் வாயைத் திறந்தார். தான் சொல்லித் தந்தது என்று சொல்லத்தான் திறந்தார். மாப்பிள்ளை, இருக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பத்துப் பேர் நடுவில் எழுந்து நின்று, பாலம் ஏறிக் காட்டுவது கண் முன்னால் வந்தது. தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"சொன்னியா?" என்றாள் தங்கை.

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நான் ஓடினேன்னு நம்பல."

அவள் அவருடைய கால்களைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நான் நம்பறேன்ணே" என்றாள்.

எழுந்து, பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அவர் பின்னால் போனார். வந்த பேருந்தில் கூட்டமே இல்லை. அவள் ஏறி, இருவர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரமாக அமர்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டாள்.