பிஞ்சு இல்லாத பூ

பச்சைமுத்து வாழ்நாளில் பாதியை வெயில் படாத இடத்தில் கழித்தவர். கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் பாறை உடைத்து உடைத்து, கடைசியில் அந்தப் பாறையின் தூசி முழுக்க அவர் நெஞ்சுக்குள் வந்து குடியேறிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கும். இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இனிமேல் கீழே இறங்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது ஊரில் அவருக்கென்று யாரும் மிச்சமில்லை. மனைவி முந்திய வருடமே போய்ச் சேர்ந்திருந்தாள். ஒரு டிரங்குப் பெட்டியோடு பெங்களூருக்கு ரயிலேறி, ஜோகுபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த ஒரே மகள் வள்ளியம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அது ஐம்பத்தேழாம் வருடம்.

மருமகன் கோவிந்தப்பாவை ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் கஷ்டமே. மாமனார் வந்த அன்றே தன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் பாயைப் போட்டுக்கொண்டான். ஒரு முகச்சுளிப்பு, ஒரு குத்தல் பேச்சு கிடையாது. திட்டுவதற்கு ஒரு காரணமாவது கொடுத்திருந்தால் பச்சைமுத்துவுக்குச் சோறு தொண்டையில் இறங்கியிருக்கும். மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒவ்வொரு வாயும் அவருக்குப் பிச்சையாகத்தான் பட்டது. ராத்திரி இருமலில் வீடே விழித்துக்கொள்ளும்போது, செத்துத் தொலைந்தால் இவர்களாவது தூங்குவார்களே என்று நினைத்துக்கொள்வார்.

அவருக்குப் பிடித்ததென்று அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கொல்லையில் குளிக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ரெண்டு கட்டில் அகலத்துக்குக் கிடந்த மண். காலையில் வெயில் முதலில் அங்கேதான் விழும். எத்தனையோ வருடம் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டுக்குள் கிடந்த மனுஷன், அங்கே குந்தி உட்கார்ந்து முதுகில் வெயில் வாங்குவார். அதுதான் அவருடைய ஒரே சுகம்.

அந்த இடத்தில்தான் குளியலறை கட்டக் கோவிந்தப்பா கணக்குப் போட்டிருந்தான். அதிலும் தப்புச் சொல்வதற்கில்லை. வீட்டுப் பெண்கள் கோணிப்பை மறைப்புக்குப் பின்னால், விடிவதற்குள் அவசர அவசரமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் யேசுதாஸ் வந்தார். தங்கவயலில் துரைமார் பங்களாக்களில் தோட்டக்காரராக இருந்தவர், பச்சைமுத்துவின் பழைய சிநேகிதர். துரைமார் கப்பலேறிய பிறகு இவரும் விவேக் நகரில் மகன் வீட்டோடு வந்துவிட்டார். வரும்போது ஒரு புகையிலை டப்பாவில் கொஞ்சம் விதை கொண்டுவந்தார். இன்றைக்குக் கடையில் சுக்கினி என்று கண்ணாடிக்குள் வைத்து விற்கிறார்களே, அதேதான். துரைமார் அதை மேரோ என்பார்கள். பச்சைமுத்து சீமைச் சுரை என்று தானாகவே பெயர் வைத்துக்கொண்டார்.

கொல்லை மண்ணில் சீமைச் சுரை வைக்கட்டுமா என்று அவர் மருமகனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். கோவிந்தப்பா குளியலறைக் கணக்கைத் தள்ளிவைத்தான்.

"பொங்கல் வரைக்கும் இருக்கட்டும் மாமா. ஒரு காய் காச்சிதுன்னாகூட போதும், அந்த எடம் உங்களுது, நான் தொட மாட்டேன். பாத்ரூமுக்கு வேற வழி பாத்துக்கறேன். இல்லன்னா தை பொறந்ததும் மேஸ்திரிய வரச் சொல்லிடறேன்."

ஒரே ஒரு காய். அன்றைக்குப் பச்சைமுத்து ரெண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

தீபாவளி கழிந்து விதை போட்டார். மூன்று செடி தேறியது. நம்மூர்ப் பூசணி மாதிரி கூரையேறி அடுத்த வீடு வரைக்கும் போய் வம்பு வளர்க்கிற கொடி இல்லை இது. துரைமாரைப் போலவே இருந்த இடத்தில் குந்திக்கொண்டு, இலையை மட்டும் குடை குடையாக விரித்துக்கொண்டு வளர்ந்தது. சாணியைக் கரைத்து ஊற்றினார். அடுப்புச் சாம்பல் தூவினார். குடத்தைத் தூக்க முடியாமல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொண்டுபோனார். மார்கழி பிறக்கவும் பூ எடுத்தது. பூவுக்கு அடியில் விரல் நீளத்துக்குப் பச்சையாக ஒரு பிஞ்சு. அதைப் பார்த்த அன்றைக்கு அவர் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து வள்ளியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் பிஞ்சு பெருக்கவில்லை. நுனியில் மஞ்சள் தட்டி, சுருங்கி, அழுகி, தொட்டால் கையோடு வந்தது. அடுத்தது வந்தது. அதுவும் அப்படியே. மார்கழிப் பனியில் காலையில் எழுந்தால் நெஞ்சு பிடித்துக்கொள்ளும் என்று மகள் அவரைப் போர்வைக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டாள். வெயில் ஏறின பிறகு கொல்லைக்குப் போவார். வாடித் தொங்குகிற பூவும் வெம்பிப் போன பிஞ்சும்தான் அவருக்காகக் காத்திருக்கும்.

யார் மேல் பழி போடுவது? அவர் தன் கை மேலேயே போட்டுக்கொண்டார். பூமாதேவியின் வயிற்றைக் குடைந்து குடைந்து எடுத்த கைதானே இது, ஒரு நாளாவது அவளுக்கு ஏதாவது கொடுத்ததுண்டா, இப்போது கேட்டால் எப்படிக் கொடுப்பாள் என்று தோன்றிவிட்டது. அந்த நினைப்பு ஒரு தடவை வந்து உட்கார்ந்ததும் பிறகு எழுந்து போகவே இல்லை. காய் பிடித்ததா நைனா என்று மகள் தினமும் கேட்பாள். பிடிக்கும்மா, பிடிக்கும் என்பார். சாப்பாடு மறுபடியும் குறைந்தது.

போகிக்கு முந்தின நாள் காலையில் யேசுதாஸ் வந்தார். வாசலில் வள்ளியம்மாவிடம் நின்று பேசிவிட்டுக் கொல்லைக்கு வந்தவரின் முகம் சரியில்லை. செடிகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"முத்து, உன் கை மேல ஒரு தப்பும் இல்ல. ஆம்பளப் பூ மொத்தமும் வாசல்ல சாணி உருண்டை மேல குந்தினு இருக்குது."

பச்சைமுத்துவுக்குப் புரியவில்லை. யேசுதாஸ் விளக்கினார். இந்தச் செடியில் பூ ரெண்டு வகை. பிஞ்சோடு வருகிறது பெண் பூ. வெறும் காம்பில் வருகிறது ஆண் பூ. ஆண் பூவின் மகரந்தத்தை வண்டு கொண்டுவந்து சேர்த்தால்தான் பிஞ்சு நிற்கும். வள்ளியம்மா மார்கழி முதல் நாளிலிருந்து, இருட்டோடு எழுந்து, கோலத்துக்கு நடுவே சாணி உருண்டையில் வைக்கப் பூசணிப் பூவுக்குப் பதிலாக இந்தப் பூவைப் பறித்திருக்கிறாள். அதிலும் எவ்வளவு ஜாக்கிரதை! காய்க்கிற பூவை நான் தொடவே இல்லை, பிஞ்சு இல்லாத பூவாகப் பார்த்துப் பார்த்துத்தான் கிள்ளினேன் என்று யேசுதாஸிடம் பெருமையாகச் சொன்னாளாம். பூசணிக் கொடி என்றால் ஊருக்கே கொடுத்தாலும் மீதம் இருக்கும். இந்தக் குட்டைச் செடியில் நாளுக்கு ஒன்றோ ரெண்டோதான். துரை பங்களா வாசலில் எவள் கோலம் போட்டாள், யேசுதாஸ் இதை முன்கூட்டி யோசிக்க?

"எதுக்கு வெக்கறாளாம்?" என்று பச்சைமுத்து கேட்டார்.

"உனக்குத்தான். மார்கழி பூரா ஒரு நாள் தவறாம பூ வெச்சா உன் மூச்சு நிக்காம இருக்கும்னு வேண்டிக்கினு இருக்குதாம்."

யேசுதாஸ் எழுந்து, நான் போய் அவளிடம் சொல்கிறேன் என்றதும் பச்சைமுத்து அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாத. என் கையாலதான் கெட்டுதுன்னு ஆயுசு பூரா அழுவா. அவ தாங்க மாட்டா."

யேசுதாஸ் ஒரு வழி சொன்னார். நடுச்செடியில் ஒரு பெண் மொட்டும் ஒரு ஆண் மொட்டும் மறுநாள் விடியலில் விரியப் போகின்றன. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கிற மஞ்சள் தண்டைப் பெண் பூவுக்குள் தடவ வேண்டும். தடவினால் காய் நிச்சயம். ரெண்டு நாளில் பிஞ்சு பருப்பது கண்ணுக்கே தெரியும். மகளுக்கு முன்னால் எழுந்தால் போதும், அவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், வாசலுக்கு வேறு பூ கிடைக்கும்.

பச்சைமுத்து அன்று சரியாகத் தூங்கவில்லை. முதல் கோழி கூவியதும் எழுந்து உட்கார்ந்தார். பனிக்காற்று மூக்கில் ஏறியதுதான் தாமதம், இருமல் பிடித்துக்கொண்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் தவித்தார். அது அடங்கிக் கொல்லைக்கு வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. நடுச்செடியில் பெண் பூ பெரிதாக விரிந்து காத்திருந்தது. பக்கத்தில் வெறும் காம்பு.

சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போனார். கோலத்துக்கு நடுவில் பூ புத்தம்புதிதாக இருந்தது. குனிந்து எடுத்தால் எடுக்கலாம். எடுத்துக் கிழித்தால் காய் உண்டு, அந்த மண் உண்டு, காலை வெயில் உண்டு. வள்ளியம்மா ஈரத்தலையோடு அதன் முன்னால் நின்று, கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. அவர் பாதி குனிந்தார். அதற்குள் அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"பனியில ஏன் வந்த நைனா? இன்னையோட வேண்டுதல் முடிஞ்சிது. ஒரு நாள்கூடத் தவறல."

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பச்சைமுத்து நிமிர்ந்துகொண்டார்.

"பூ நல்லா இருக்குதும்மா" என்றார்.

பொங்கல் கழிந்ததும் மேஸ்திரி வந்தான். செடியைப் பிடுங்கி வேலிப் பக்கம் போட்டார்கள். கோவிந்தப்பா ரொம்ப வருத்தப்பட்டான். பாவம், அவரும் எவ்வளவு பாடுபட்டார், நம் மண் ராசியில்லை என்று மனைவியிடம் சொன்னான். குளியலறைச் சுவர் எழும்பி, கொல்லையில் விழுகிற வெயிலை மறைத்துக்கொண்டது.

வள்ளியம்மாவின் வேண்டுதல் பலித்தது. அதற்கப்புறம் வெகுகாலம் பச்சைமுத்துவின் மூச்சு நிற்கவில்லை. அறுபத்தேழாம் வருடம் வரைக்கும் அந்தக் கட்டிலிலேயே இருமிக்கொண்டு கிடந்தார். ஒவ்வொரு மார்கழியிலும் வள்ளியம்மா அதே வேண்டுதலோடு கடைவீதியில் பூசணிப் பூ வாங்கிவந்து வாசலில் வைத்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒரு தடவைகூடப் போதும்மா என்று சொல்லவில்லை.