ஊதாத ட்ரம்பெட்

மாமனார் நடத்தும் கல்யாண பேண்டில் நான் ட்ரம்பெட் ஊதுகிறேன். பெண்ணைக் கொடுத்தவர் கூப்பிட்டால் மறுக்கவா முடியும்? வாரமெல்லாம் கண்டியில் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை அவருடையது.

அன்று கம்பளையில் ஊர்வலம். காலையில் ட்ரம்பெட்டில் விரலால் அழுத்தும் மூன்று வால்வுகளும் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, அதனதன் குழியிலேயே போட வேண்டும். நான் எரிச்சலில் மூன்றையும் சேர்த்துக் கழற்றி, முதலாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டேன்.

ஊர்வலம் கிளம்பி, வாயில் வைத்து ஊதியபோதுதான் தெரிந்தது. வால்வுகளின் துளைகள் பொருந்தாததால் மூச்சு உள்ளே போகவே இல்லை. தொண்டைக்கே திரும்பி வந்தது. முன்னால் டிரம்காரர்கள், பின்னால் மணமக்களின் கார், இரண்டு பக்கமும் சனம். நின்று கழற்றிப் பார்க்க வழியில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு, விரல்களை மட்டும் ஆட்டியபடி கோயில் வாசல்வரை நடந்தேன்.

இனிமேல் கூப்பிடமாட்டார் என்ற சின்னச் சந்தோஷத்தோடு அவரிடம் போனேன்.

"மாமா, இன்னைக்கு நான் ஒரு சத்தமும் ஊதல."

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் மாப்பிள்ளை. வரிசையில ஆள் நின்னா போதும். அடுத்த ஞாயிறு வத்தேகமயில ஊர்வலம், மறந்துறாதீங்க."