ஐந்தாம் தர மாப்பிள்ளை

ஒயின் கோப்பைகளை வெந்நீரில் கழுவித் துடைப்பது மனைவியின் வேலை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல கைரேகை இருக்கு" என்பது அவருடைய வேலை. ஓட்டலில் ஒயின் பரிமாறுபவர்களுக்கு அவர் மேற்பார்வையாளர். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பதவியைக் கழற்றி மாட்டுவதில்லை. இத்தனைக்கும் ஒரு மிடறு உள்ளே போனால் அவருக்குத் தலை சுற்றும்.

எச்சில் தட்டு எடுப்பவராகச் சேர்ந்தவர். பிரெஞ்சு ஒயின் பற்றிய வகுப்பு ஒன்றுக்கு நிர்வாகம் அனுப்பியது. போனவர் ஒருவர், திரும்பியவர் வேறொருவர். பாட்டிலில் வெறுமனே நாட்டின் பேர் இருந்தால் கடைசி வரிசை. வட்டாரத்தின் பேர் இருந்தால் அதற்கு மேல். எந்தத் திராட்சை, எவ்வளவு விளைச்சல் என்று சட்டம் போட்டுக் கட்டிக்காக்கும் ஊர் என்றால் இன்னும் மேல். அதிலும் சில ஊர்களில் ஒற்றைத் தோட்டத்தின் பேர் உச்சியில் உட்கார்ந்திருக்கும். மண் குறுகக் குறுக மவுசு கூடும். அன்றிலிருந்து மனிதர்களையும் அவர் அப்படித்தான் அடுக்கினார். கீழ்வீட்டுத் தையல்காரர் வட்டாரம், ஓட்டல் மேலாளர் ஒற்றைத் தோட்டம். ஓட்டலில் அவருக்கு 'லேபிள்' என்று பேர். அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அன்று மகள் விரும்பும் பையன் வந்து போயிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். சம்மதமா இல்லையா என்று கேட்டு அவனுடைய அப்பா சாயங்காலம் போன் செய்வதாகப் பேச்சு.

"சொந்த ஊர் எதுன்னா, 'எல்லா ஊர்லயும் இருந்திருக்கோம் சார்'ங்கறான். நாலு ஊர்த் திராட்சைய ஒண்ணாக் கொட்டிக் கலக்குன மாதிரி. கடைசி வரிசை!"

"ஆள் எப்படின்னு பாத்தீங்களாப்பா?" என்றாள் மகள்.

"ஆள எதுக்குப் பாக்கணும்? பிரான்ஸ்ல போர்தோங்கற ஒயின் ஊர்ல வியாபாரிங்க விலைய வெச்சு தோட்டங்கள அஞ்சு தரமாப் பிரிச்சாங்க. நூத்தம்பது வருஷத்துக்கு மேலாச்சு. நடுவுல ஒரே ஒரு தோட்டத்துக்குத்தான் ரெண்டுலேருந்து ஒண்ணுக்குப் பதவி உயர்வு."

"தோட்டத்த வேற ஆள் வாங்கிட்டா?"

"தரம் அதேதான்."

"மழை கெடுத்த வருஷம்?"

"போட்டது போட்டதுதான்டி!"

மனைவி அடுத்த கோப்பையை எடுத்தாள். "எங்கப்பாவும் இதயேதான் சொல்றாரு."

"என்னன்னு?"

"நீங்க பொண்ணு கேட்டு வந்தப்ப, தட்டு எடுக்கறவன்னு கதவோரமா உக்கார வெச்சாரே, ஞாபகமிருக்கா? இன்னிக்கும் அங்க போனா உங்களுக்கு அதே கதவோர நாற்காலிதான். வீட்டுக்கு வந்து மூணு நாள் பொருமுறீங்க. எதுக்குப் பொருமணும்? போட்டது போட்டதுதானே?"

அவர் ஒரு கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ரேகை எதுவும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கூடத்தில் போன் அடித்தது.

"அவங்க அப்பாதான்" என்றாள் மகள், எழுந்திருக்காமல்.

"என்னங்க, என்ன சொல்லட்டும்?"

அவர் கோப்பையின் அடிப்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். மனைவி ஈரத்துணியை அவர் தோளில் போட்டுவிட்டு, போனை எடுக்கப் போனாள்.