அமைச்சர் சொன்ன "பாக்கலாம்"

வெளியுறவு அமைச்சகத்தில் அவளுக்குக் கிளி என்று பெயர். அமைச்சர் சொல்வதை வந்தவர்கள் மொழியில் சொல்வாள், அவர்கள் சொல்வதை அமைச்சருக்குச் சொல்வாள். பதினேழு வருடமாக இதுதான் வேலை. சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. "அங்க அடக்கி வெச்சதை எல்லாம் வீட்ல வந்து கொட்டுறா" என்பான் கணவன்.

நாடோ நடுத்தர நாடு. கோதுமை ஒரு வல்லரசிடமிருந்து வருகிறது, எண்ணெய் இன்னொன்றிடமிருந்து. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டுக்குமே இந்த நாட்டுத் துறைமுகத்தில் போர்க்கப்பலை நிறுத்த ஆசை. யாருக்கும் சரி என்று சொல்ல முடியாது, முடியாது என்றும் சொல்ல முடியாது. அதனால் அமைச்சர் ஒரே வார்த்தையில் காலத்தை ஓட்டினார்: "பாக்கலாம்."

அதற்குள் எத்தனை அர்த்தம் என்று கிளிக்குத்தான் தெரியும். வெடுக்கென்று சொன்னால் நடக்காது. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னால் இப்போதைக்கு ஆளை விடு. 'லா'வை இழுத்துச் சொன்னால் மட்டும் சரி என்று அர்த்தம். அதை அவள் இரண்டே தடவைதான் கேட்டிருக்கிறாள்.

அன்று காலை எண்ணெய் நாட்டுத் தூதர் தன் மொழிபெயர்ப்பாளரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கிளி ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுத்தால் போதுமாம். "வாயைத் திறந்தீங்கன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்" என்று செயலாளர் காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

தூதர் துறைமுகத்தைக் கேட்டார். அமைச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "துறைமுகம்தானே? பாக்கலாம்."

வந்த மொழிபெயர்ப்பாளர் புத்தகத்தில் மொழி படித்த மனிதர். கொஞ்சமும் தயங்காமல் பெயர்த்தார்: "துறைமுகத்தைத் தாராளமாகப் பார்வையிடலாம் என்கிறார்."

தூதருக்கு முகமெல்லாம் பல். "திங்கட்கிழமையே எங்கள் கப்பல்கள் பார்வையிட வரும். வாசலில் நிருபர்கள் நிற்கிறார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்று எழுந்து கை நீட்டினார். அது தன் மொழிக்கு வருவதற்குள் அமைச்சர் ஒன்றும் புரியாமல் சிரித்தபடி கையைக் கொடுத்துவிட்டார்.

கிளி மனசுக்குள் கணக்குப் போட்டாள். கப்பல் வந்தால் மறுநாளே கோதுமை நிற்கும். அமைச்சர் தன் வாயால் மறுத்தால் எண்ணெய் நிற்கும். தூதர் கதவை நோக்கி நாலு எட்டு வைத்துவிட்டார். வேலை போனால் போகிறது என்று அவள் எழுந்துவிட்டாள்.

"மன்னிக்க வேண்டும், குழப்பம் எங்கள் மொழியால் வந்தது" என்றாள் தூதரின் மொழியில். "நாங்கள் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. காய்ச்சலைத் தொட்டுப் பார்ப்போம். உப்பை நாக்கில் வைத்துப் பார்ப்போம். அமைச்சர் யோசித்துப் பார்க்கிறேன் என்கிறார். அதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்."

தூதர் தன் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அந்த மனிதர் தரையைப் பார்த்தார். தூதர் கடகடவென்று சிரித்துவிட்டார். "சரி, யோசித்தே பார்க்கட்டும். நிருபர்களுக்கு இன்று சேதி இல்லை."

அவர் போனதும் நடந்ததை ஒன்று விடாமல் அமைச்சருக்குச் சொன்னாள். உள்ளுக்குள் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. பதினேழு வருடத்தில் முதல் தடவையாக, அவளே சொன்ன பேச்சு. செயலாளர் மட்டும் உர்ரென்று பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், நாளைக்கு நான் வேலைக்கு வரலாமா?" என்று அமைச்சரிடமே கேட்டாள்.

அமைச்சரின் கை கண்ணாடிக்குப் போனது. கழற்றப் போகிறார் என்றே நினைத்தாள். அவர் அதைக் கழற்றவில்லை, மூக்கின்மேல் சரியாக ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"பாக்கலா..." என்று ஆரம்பித்துத் தாழ்வாரத்தில் நடந்தார். 'ம்' வந்தபோது அவர் அந்தக் கோடியில் இருந்தார்.