பாலனின் இரண்டு விரல்கள்

எங்கள் தெருவில் கல்யாண விருந்து என்றால் கண்ணாடிக் கோப்பைகளைக் கழுவ எவுலாலியா சித்தியைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர் அபிசாக்கோ முழுக்க விசாரித்தாலும், அவள் கையிலிருந்து ஒரு தட்டு நழுவி உடைந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். மற்றவர்கள் எதையாவது போட்டு உடைத்தால், "ரெண்டு கை இருந்து என்ன பிரயோஜனம்?" என்பாள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. அங்கேயும் பிள்ளைகளுக்கு அவளிடம் கொஞ்சம் பயம்தான்.

அந்தக் கைகளை நம்பித்தான் பக்கத்து வீட்டு எர்லிண்டா தன் பாலன் இயேசு சுரூபத்துக்கு அவளை ஞானத்தாயாக இருக்கச் சொன்னாள். எர்லிண்டாவின் அம்மா விட்டுப்போன சுரூபம் அது. பிப்ரவரியில் மெழுகுவர்த்தித் திருநாள் வருவதற்குள் ஞானத்தாய் பாலனைத் துடைத்து, புது உடுப்பு போட்டு, கோவிலுக்குத் தூக்கிப் போக வேண்டும். மூன்று வருடப் பொறுப்பு.

முதல் வருடமே, துடைக்கும்போது பாலனின் வலது கை தண்ணீர்க் குழாயில் இடித்துவிட்டது. ஆசீர்வதிக்கிற இரண்டு விரல்களும் தொட்டியில் விழுந்தன.

"எர்லிண்டாவுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா," என்றாள் சித்தி என்னிடம். "புவேப்லாவுல இதை ஒட்டிக் குடுக்குற கடை இருக்கு. உடுப்பும் அங்கேயே எடுத்துட்டு சாயங்காலத்துக்குள்ள வந்திடலாம். நீயும் துணைக்கு வா."

சனிக்கிழமை காலையில், பாலனைப் போர்வையில் சுற்றி, விரல்களைக் கைக்குட்டையில் முடிந்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தாள். அங்கே எர்லிண்டா எங்களுக்கு முன்பே நின்றிருந்தாள்.

"உடுப்பு எடுக்கப் போறதா உன் வீட்டுக்காரர் சொன்னாருடி. நானும் வர்றேன்."

"உங்களுக்கு எதுக்குக்கா அலைச்சல்?"

"என்னடி அலைச்சல்? என் பாலன்தானே."

பஸ்ஸில் எர்லிண்டா இரண்டு முறை கையை நீட்டினாள். "குடு, கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன்."

"தூங்குறான்க்கா, கலைக்காதீங்க," என்று சித்தி போர்வையை இன்னும் இறுக்கினாள்.

புவேப்லாவில் இறங்கியதும் நேராகக் கடைக்குப் போவோம் என்று நினைத்தேன். "முதல்ல கதீட்ரலுக்குப் போயிட்டு வந்துடலாமே?" என்றாள் எர்லிண்டா. "ஆமாக்கா, அதுதான் முறை," என்றாள் சித்தி உடனே. வருடா வருடம் அந்த ஊருக்கு வந்து, வாங்க வேண்டியதை வாங்கி, அடுத்த பஸ்ஸிலேயே திரும்புகிறவள் அவள். அன்று ஒவ்வொரு பீடத்தின் முன்னும் நின்றாள். பிறகு வண்ண ஓடு பதித்த வீடுகளைப் பார்த்தோம். மிட்டாய்க்கடைத் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தோம். இருவரில் யாரும் படிக்காத புத்தகங்கள் நிறைந்த பழைய நூலகத்தையும் விடவில்லை. "கோட்டையப் பாக்காம போனா எப்படி?" என்று சித்தி சொன்னதால் மேட்டில் ஏறிக் கோட்டைக்கும் போனோம்.

"கடைக்கு எப்போ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். இருவரும் சேர்ந்து முறைத்தார்கள்.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எதையும் பொறுமையா பாக்கத் தெரியாது," என்றாள் எர்லிண்டா.

"வீட்டுலயும் இப்படித்தான்க்கா," என்றாள் சித்தி.

வெயில் சாய்ந்த பிறகு பார்க்க வேறு எதுவும் மிச்சமில்லை. சந்தைக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் மெல்ல நடந்தோம். கடையில் டாக்டர் கோட்டிலும் கால்பந்துச் சட்டையிலும் பாலன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"குழந்தையக் குடுங்க, அளவு எடுக்கணும்," என்றார் கடைக்காரர்.

சித்தி கொடுக்கவில்லை. "அளவு நான் சொல்றேன்," என்று எர்லிண்டா குறுக்கே வந்தாள்.

"சொல்ற அளவுக்கெல்லாம் நான் உடுப்பு குடுக்குறதில்லம்மா," என்று அவர் போர்வையை விலக்கினார்.

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். ரவிக்கைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "அக்கா, நான்தான். குழாயில இடிச்சு..."

கடைக்காரர் விரல்களை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். "இது இப்ப உடைஞ்சது இல்லையே. யாரோ செருப்பு ஒட்டுற பசையப் போட்டு ஒட்டியிருக்காங்க. இத்தனை நாள் நின்னதே பெருசு."

சித்தி கண்ணைத் திறந்தாள். எர்லிண்டா கால்பந்துச் சட்டை போட்ட பாலனை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எர்லிண்டாக்கா."

"அலமாரியில தூசி தட்டுறப்ப விழுந்துடுச்சுடி."

"அதுக்கு செருப்புப் பசையா?"

"வீட்டுல அதுதான் இருந்துச்சு! நீ பதமா கையாளுவ, யாருக்கும் தெரியாதுன்னு உன்கிட்ட குடுத்தேன். கடைக்காரர் கண்டுபிடிச்சு உன்கிட்ட சொல்லிடுவாரோன்னுதான் பின்னாடியே வந்தேன்."

"இதுக்கா என்னைக் கோட்டை வரைக்கும் ஏத்துனீங்க?"

"கோட்டைன்னு சொன்னது நீதான்டி!"

சித்தி பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எர்லிண்டா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சித்தி வாய்விட்டுச் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"சிரிச்சு முடிச்சாச்சுன்னா, என்ன உடுப்புன்னு சொல்லுங்க," என்றார் கடைக்காரர்.

வெள்ளையில் தங்கக்கரை வைத்ததை உடனே முடிவு செய்தார்கள். விரல்களை ஒட்டிக் கொடுத்தவர், மறுநாள் வரை கையைத் தொடக்கூடாது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் பாலன் எர்லிண்டாவின் மடியில் இருந்தான். அவள் கேட்காமலே சித்தி கொடுத்திருந்தாள்.

"மூணு வருஷம் முடிஞ்சாலும் நீதான்டி ஞானத்தாய்," என்றாள் எர்லிண்டா. "வேற எவளாவது வந்தா நான் முதல்லேருந்து மறைக்கணும்."