ஐசியூ வாசலில் ஒரு ப்ளீஸ்

யார் வந்து நின்றாலும் ரீனா முதலில் காலைத்தான் பார்ப்பாள். புனேயின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஐசியூ வாசல் காவல். நீலச் சட்டை, தொப்பி, கறுப்பு பூட்ஸ். உறவுக்காரர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மாலை ஐந்து மணி வரை காத்திருக்க வேண்டும்.

அதுவரை அவள் காதில் விழுவதெல்லாம் ஒரே வார்த்தை, ப்ளீஸ். கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு சொல்கிறவர்களுடையது 'நகரு' என்று அதட்டுகிற ப்ளீஸ். டாக்டர்கள் சொன்னால் பேச்சு முடிந்தது, போய் உட்காருங்கள் என்று அர்த்தம். இங்கிலீஷே தெரியாத கிழவர்களும் கையைக் கூப்பிக்கொண்டு, மகளைக் கூப்பிடுவதுபோல், "பிலீஜ் பேட்டா" என்பார்கள். பாழாய்ப்போன அதுதான் நெஞ்சைப் பிசையும்.

எல்லோருக்கும் ஒரே பதில்: "நஹி ஹோகா." நடக்காது, அவ்வளவுதான். கல்நெஞ்சுக்காரி என்று திட்டுவார்கள். திட்டிவிட்டுப் போகட்டும்.

"மூஞ்சியப் பாத்தா தொலஞ்சோம், கதவு தானா தொறந்துக்கும். கால மட்டும் பாரு பாய்" என்பாள், மாற்று ஷிப்டில் நிற்கும் சலீமிடம். ஏரவாடாவில் இருவருக்கும் அடுத்தடுத்த சந்து. ஒருமுறை மனமிரங்கி ஒரு தாயை உள்ளே விட்டதற்கு சூப்பர்வைசர் ஊர் பார்க்கக் கிழித்த கிழியை அவள் மறக்கவில்லை.

வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தால் புருஷன் ஸ்டீபன் வேண்டுமென்றே, "ப்ளீஸ் மேடம்" என்பான்.

"இங்கயும் ஆரம்பிச்சிட்டியா? மூடிக்கினு துன்னு" என்று கரண்டியை ஓங்குவாள்.

போன வாரம் ரஞ்சன்காவ் ஃபேக்டரியிலிருந்து திரும்பிய ஸ்டீபனின் பைக்கில் டெம்போ மோதியது. அவள் காவல் நின்ற அதே கதவுக்குள் அவனைக் கொண்டுபோனார்கள். சொந்தக்காரர் உள்ளே இருந்தால் அந்த வாசலில் ட்யூட்டி கிடையாதாம். அவளைப் பார்க்கிங்குக்கு அனுப்பிவிட்டு, பகலிலும் சலீமையே நிறுத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐசியூவைத் துடைத்துவிட்டு இறங்கிய சுஷ்மா மூச்சிரைக்க வந்தாள். "அக்கா, உங்க வூட்டுக்காரரு பெட்டச் சுத்தி எல்லாரும் ஓடுறாங்க."

கையிலிருந்த பார்க்கிங் விசிலைக் கீழே போட்டுவிட்டு ரீனா படியேறி ஓடினாள்.

"பாய், கதவ வுடு. ஒரே ஒரு தபா பாத்துட்டு வந்துர்றேன்."

சலீம் சட்டென்று தலையைத் தாழ்த்தி அவளுடைய பூட்ஸைப் பார்த்தான். "யாரையும் வுடாதன்னு டாக்டர் சொல்லிட்டாரு ரீனா. நஹி ஹோகா."

அவள் சண்டை போடவில்லை. குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். இரண்டையும் சுவரோரச் செருப்புகளின் கடைசியில் வைத்தாள். வெறுங்காலோடு அவன் பார்வை விழும் இடத்துக்கே திரும்பி வந்து, கையைக் கூப்பி நின்றாள்.

"ப்ளீஸ் பாய்."