ஜெனிட்டா டிக் பண்ணிய மூணு டெஸ்ட்

ஜெனிட்டா போயிட்டாள்.

நேற்று சாயங்காலம் ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தாளாம். நாற்பத்திமூணு வயசு... என் வயசுதான்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தூத்துக்குடி ஹார்பர் பக்கம் எங்க ஒர்க்‌ஷாப். இறால், மீன் ஏத்திட்டுப் போற ஃப்ரிட்ஜ் கன்டெய்னரோட கன்ட்ரோல் போர்டு ரிப்பேர் பண்ணித் தருவோம். ரிப்பேர் ஆன போர்டை டெஸ்ட் பண்ணி, ஷீட்டில் கையெழுத்துப் போடுறது ஜெனிட்டா. டெஸ்ட் ப்ரோகிராம் எழுதுறது நான். பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து டேபிள்.

எழுதுறதுன்னு சொன்னாலே அவளுக்குச் சிரிப்பு வரும். என் ப்ரோகிராமில் எழுத்தே இருக்காது. ஸ்க்ரீனில் கட்டம் கட்டமா போட்டு, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு வயர் இழுக்கணும். "வலை பின்னி முடிச்சிட்டியாலே?" என்பாள். கீழவைப்பார் மீனவ ஊர்க்காரி, வேற எப்படிக் கேட்பாள்.

முதலில் எல்லா போர்டுக்கும் பன்னிரண்டு டெஸ்டும் ஓடும். ஒண்ணு ஃபெயில் ஆனா அங்கேயே நின்னுடும். ஒருநாள் என் டேபிளில் ஒரு போர்டை வச்சுட்டு நின்னாள்.

"ஏலே செல்வம், ஃபேன் சைடு மட்டும் ரிப்பேர் ஆனதுக்கு எதுக்குலே பன்னெண்டு டெஸ்ட்டு? நான் டிக் பண்ணுதத மட்டும் வரிசையா ஓட்டச் சொல்லு உன் கம்ப்யூட்டர."

நியாயம்தான். ஒரே நாளில் செஞ்சு கொடுத்தேன். வேணுங்கிற டெஸ்டை டிக் பண்ணி ரன் அழுத்தினா போதும். ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடும். எல்லாமே பாஸ் ஆனா கடைசியில் பச்சை லைட், இல்லாட்டி சிவப்பு. நான் இந்த வேலையில் கெட்டிக்காரன். இன்னைக்கும் அதைச் சொல்லுவேன், பொய்ப் பணிவெல்லாம் எனக்கு வராது.

முதல் நாளே அவள் ஒண்ணையும் டிக் பண்ணாம ரன் அழுத்தினாள். பச்சை!

"ஒண்ணுமே செய்யாம பாஸா? அப்படியே உன்ன மாதிரில்லா இருக்கு!"

ஒர்க்‌ஷாப்பே சிரிச்சது. அதை மட்டும் சரி பண்ணிட்டு, இனி ஒரு தப்பும் கிடையாதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு இறால் கன்டெய்னர் போற வழியிலேயே சூடாகிப் போச்சு. மொத்த லோடும் வீண். எங்க போர்டு. ஃபேன் ஓடலை. ஷீட்டில் பாஸ்... கீழே ஜெனிட்டா கையெழுத்து.

முதலாளி எல்லார் முன்னாடியும் கத்தினார். "பச்சை லைட் பாத்துதான் சார் கையெழுத்து போட்டேன்" என்று ஒரே தடவை சொன்னாள். ப்ரோகிராம் சரியாத்தான் இருக்குன்னு நான் சொன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன். ரிஜிஸ்டரில் "ஆபரேட்டர் தவறு" என்று எழுதி, அவளை பேக்கிங்கில் போட்டாங்க.

நாலாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் வெளியே. பேக்கிங்கிலேர்ந்து வந்து ஒரு போர்டை மாட்டி, மூணு டெஸ்டை டிக் பண்ணினாள். சென்சார், ஃபேன், அலாரம். ரன்.

"இது என்ன கலருலே?"

"பச்சை."

"ஃபேன் வயரு எங்கன கெடக்கு?"

அவள் கையில் இருந்தது.

ஒரு நிமிஷத்தில் எனக்குப் புரிஞ்சுபோச்சு. டெஸ்டை ஒண்ணு ஒண்ணா ஓட்டுற லூப் சுத்தும்போது, முதல் சுத்தில் வந்த ரிசல்ட்டை அடுத்த சுத்துக்கும் கொண்டு போகணும். நான் அந்த வயரை இழுக்கவே இல்லை. கடைசி டெஸ்ட் என்ன சொல்லுதோ, அதுதான் லைட்டில் வரும். நடுவில் ஃபேன் ஃபெயில் ஆனாலும் அலாரம் பாஸ்னா பச்சை.

பத்து நிமிஷத்தில் சரி பண்ணிட்டேன். "முதலாளிகிட்ட நானே சொல்லுதேன்" என்றேன். அவளும் தலையாட்டிட்டுப் போனாள்.

போய்ச் சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா? "சார், சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு, இனி பிரச்சினை வராது." அவ்வளவுதான். பயம்... வேற ஒரு காரணமும் இல்லை.

எட்டு மாசம் பேக்கிங்கில் இருந்தாள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டு. திரும்ப என் பக்கத்து டேபிளுக்கு வந்த அன்னைக்கு, "டீ சொல்லுலே" என்றாள். அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அதுக்கப்புறம் ஒருநாளும் பேசலை.

இன்னைக்குக் காலையில் கீழவைப்பாருக்குப் போனேன். வீடு நிறைய ஜனம். அவள் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாடி போய் நின்னு சத்தமாவே சொன்னேன்.

"அண்ணே, அந்த இறால் கன்டெய்னர் தப்பு ஜெனிட்டா தப்பு இல்ல. என் தப்பு."

நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும் தம்பி. அன்னைக்கே சொல்லிட்டா. நான் வந்து முதலாளிகிட்ட பேசுதேம்னேன். வேண்டாம், செல்வம் சொல்லுதேன்னு சொல்லியிருக்கான், அவனே சொல்லட்டும்னுட்டா."

பெட்டியைப் பார்த்துக்கிட்டே சொன்னார்.

"கிறிஸ்மஸுக்கு நீ வீட்டுக்கு வாரப்பல்லாம், இன்னைக்குச் சொல்லுவான்னு பாப்போம்."

வெட்கமா இருக்கு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

முதலாளிக்கும் போன் பண்ணியாச்சு. ரிஜிஸ்டரில் அந்த வரியை அடிச்சுட்டு என் பெயரை எழுதச் சொல்லியிருக்கேன். நாளைக்குப் போய் என் கண்ணால பார்த்துட்டுத்தான் வேலையில் உட்காருவேன்.

இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பூசை, அப்புறம் அடக்கம். ஒர்க்‌ஷாப் ஆட்கள் எல்லாரும் வந்துடுங்க.

சொல்லிட்டேன் ஜெனிட்டா... ரொம்ப லேட்டு.

போயிட்டு வா.